துணைக்கை

பம்பரம்-3 வீடியோகேம் பெட்டி சூடாகுமா ஆகாதா என்பதுதான் அந்த ஆண்டு கோயமுத்தூரின் பெரிய கவலை. பம்பரம்-2 வந்த கோடையில் அதன் முதுகில் ஒருவன் ஆம்லெட் போட்டு வீடியோ எடுத்தான். நாடு முழுக்கத் தண்ணீர் இறைக்க மோட்டார் செய்து அனுப்பிய ஊருக்கு ஒரு விளையாட்டுப் பெட்டியைக் குளிர வைக்கத் தெரியவில்லையே என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். அந்த மானக்கேட்டை ஊர் மறக்கவில்லை. இந்த முறை வேளிர் எலக்ட்ரானிக்ஸ் முப்பது வருடம் பம்ப்செட் செய்த ஒருவரைப் பிடித்து வந்து விசிறி செய்யச் சொல்லியிருக்கிறது என்று செய்தி கசிந்ததும், பேக்கரி வாசல்களில் நம்பிக்கை துளிர்த்தது.

நினைவகம் போதுமா, பழைய ஆட்டங்கள் ஓடுமா, மின்சாரம் போய் வந்தால் தாங்குமா என்று ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் இரண்டு கட்சி. கசிந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி, பலகையில் இருந்த ஒவ்வொரு சில்லுக்கும் பெயர் எழுதினார்கள். கண்ட்ரோலருக்குள் இருந்த நகத்தளவுச் சில்லு ஒன்றுக்கு மட்டும் யாரும் பெயர் எழுதவில்லை. அதிர்வுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

வசுமதிக்கு அதன் பெயர் தெரியும். துணைக்கை.

வேளிரின் சரவணம்பட்டி அலுவலகத்தில் எட்டு வருடமாக அவளுக்கு ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. வயது முப்பத்து நான்கு. பிறந்தபோது மூச்சு வரச் சில நிமிடம் தாமதமானது. அந்தத் தாமதம் கைகளிலேயே தங்கிவிட்டது. டம்ளரை எடுக்க நினைத்தால் கை டம்ளரைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு யோசித்துத் திரும்பி வரும். அப்படிப்பட்ட கையோடு அவள் எப்படி இந்த வேலைக்கு வந்தாள் என்று புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாள் கேட்பார்கள். அவளோடு ஒருமுறை ஆடிய பிறகு கேட்க மாட்டார்கள்.

வேளிரின் புகழ்பெற்ற ஆட்டம் 'மூங்கில்'. இருவர் சிலம்பக் கம்போடு மோத வேண்டும். மற்றவர்கள் நிமிடத்துக்கு நூறு முறை பட்டனை அழுத்துவார்கள். வசுமதி பத்து முறை அழுத்தினால் அதிகம். கண்ட்ரோலரை மடியில் கிடத்தி, உள்ளங்கைகளால் அணைத்துக்கொண்டு, கம்பைக் குறுக்கே பிடித்த நிலையில் அப்படியே நிற்பாள். எதிராளி சுற்றி வருவான், சீண்டுவான், கடைசியில் பொறுமை கெட்டுப் பாய்வான். பாய்ந்தால் விலா திறக்கும். தன் கை எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேரும் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த அளவுக்கு முன்பே புறப்பட்டுவிடுவாள். நிற்பதுதான் அவளுடைய ஆட்டம். அடிப்பது அதன் முற்றுப்புள்ளி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு தேவசகாயம் புதிய கண்ட்ரோலரை அவள் மடியில் வைத்தார். "இந்தா பிள்ளே, ஆடிப் பாத்துட்டுச் சொல்லு."

அவர் நாகர்கோவில்காரர். கோயமுத்தூருக்கு வந்து பதினைந்து வருடமாகியும் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளாதவர். துணைக்கை அவர் உருவாக்கியது. கைப்பிடிகளின் பின்பக்கம் மெல்லிய உலோகப் பட்டைகள் இரண்டிரண்டு பதிந்திருந்தன.

இருவரும் 'மூங்கில்' ஆடினார்கள். வசுமதி முதல் ஆட்டத்தை வென்றாள். இரண்டாவதையும் வென்றாள். ஐந்தாவதையும் வென்றபோது அவளுக்குக் கண் கலங்கியது. திரையில் அவளுடைய ஆள் நடுங்கவில்லை. நினைத்த இடத்தில், நினைத்த கணத்தில் கம்பு போய் விழுந்தது. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் வாழ்கிறார்களா என்று தோன்றியது.

"ஒரு நாள்ல உங்கள ரெண்டு தடவைக்கு மேல நான் ஜெயிச்சதில்லீங்க சார்."

"நீ ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரி பிள்ளே. மூணு வருசம் இதுக்காவத்தான் உக்காந்தேன்."

ஆறாவது ஆட்டத்தில் அவள் பழைய வழக்கப்படி நின்றாள். தேவசகாயத்தின் ஆள் சுற்றி வந்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் காத்திருந்தாள். அவளுடைய ஆள் திடீரென்று பாய்ந்து அடித்தான். எதிராளி விழுந்தான்.

வசுமதி குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது பட்டனுக்கு மேலே, தொடாமல், காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் அடிக்கலீங்க."

"அடிச்சியே. நான் விழுந்து கெடக்கேன், பாரு."

"அது அடிச்சுதுங்க."

தேவசகாயம் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். "தபால்காரன் முகத்தப் பாத்தே சேதி என்னன்னு சொல்லுவாங்க இல்லியா, அது மாதிரி. மூளை கைக்குச் சேதி அனுப்புது. அது விரலுக்கு வந்து சேரதுக்கு முன்னாலயே உள்ளங்கையில அந்தப் பட்டை பிடிச்சிரும். கை சரியா வரலன்னா மிச்சத்த சிப்பு முடிச்சுக் குடுக்கும். நீ அடிக்க நெனச்சே, கை வரல, அது எடுத்துக் குடுத்துது. அவ்வளவுதான்."

"நான் நிக்கோணும்னு நெனச்சேன்."

"நிக்கது அதுக்குத் தெரியாது பிள்ளே. லச்சம் பேரு ஆடுனத வச்சுப் படிச்சிருக்கு. லச்சத்துல ஒருத்தனும் உன்ன மாதிரி நின்னதில்ல. கை வராம நிக்கான்னுதான் அது நெனைக்கும்."

வசுமதிக்கு அமைதி பிடிக்கும். அவளோடு பழகியவர்கள் அதைக் கலைக்க மாட்டார்கள்.

"சின்ன வயசுல வீதியில கல்லா மண்ணா ஆடுவோம்" என்றாள் கடைசியில். "என்னையும் சேத்துக்குவாங்க. நல்ல புள்ளைங்கதான். ஆனா என்னத் தொட்டா அவுட் இல்ல. 'அவ ஒப்புக்குச் சப்பாணிடி, உட்டுரு'ம்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே ஓடுவேன். மத்தியானம் பூரா ஓடியிருக்கேன். ஒரு நாள் ஒரு புள்ள ஊருக்குப் புதுசா வந்தா. அவளுக்கு விவரம் தெரியல. என்னத் தொட்டு 'அவுட்'னு கத்துனா. எல்லாரும் அவள வைய ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அவளக் கட்டிப் பிடிச்சுக்கோணும் போல இருந்துச்சு."

"எங்க ஊர்ல உப்புக்குச் சப்பாணின்னு சொல்லுவோம்."

"உப்போ ஒப்போ. அவுட் ஆகாதவ ஆட்டத்துலயே இல்லைன்னு அர்த்தங்க. உங்க சிப்பு என்ன மறுக்கா அங்கயே கொண்டு போயி நிறுத்துது. இத எங்க ஆஃப் பண்றது?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஃப் பண்ண இடமில்லை என்பதை அவர் வாயால் சொல்லவில்லை.

*

சுபத்ரா மேடம் வெளியீட்டுப் பிரிவின் தலைவர். கண்டிப்பானவர் என்றாலும் கெட்டவர் இல்லை. தன் கையாலேயே காபி எடுத்து வந்து வசுமதிக்கு ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார்.

"வசு, வெளியீட்டு விழாவுல நீங்கதான் மேடையில ஆடப் போறீங்க. எதிர்ல இந்தியச் சாம்பியன் இர்ஃபான். நீங்க அவர ஜெயிக்கிறதுதான் விளம்பரமே. எத்தனை வீட்டுல எத்தனை குழந்தைங்க பாக்கும், யோசிச்சுப் பாருங்க."

"ஆடறேன் மேடம். ஆனா எனக்கு ஒரு ஸ்விட்ச் வேணும். சிப்ப ஆன் பண்றதுக்கும் ஆஃப் பண்றதுக்கும்."

"மென்பொருள்காரங்ககிட்டக் கேட்டீங்களா?"

"தேவசகாயம் சார்கிட்டக் கேட்டேன். பட்டன்ல இருந்து போற கம்பியே சிப்பு வழியாத்தான் போகுதாம். வெளிய ஒரு ஸ்விட்ச் வெச்சாத்தான் உண்டு."

சுபத்ரா மேசையில் இருந்த கண்ட்ரோலர் கூட்டைத் தட்டிக் காட்டினார். "அச்சு வெட்டியாச்சு வசு. லட்சம் கூடு வார்த்தாச்சு. ஸ்விட்ச் வைக்க இதுல ஓட்டை எங்க இருக்கு?"

"ஒரு ஓட்டை போட முடியாதுங்களா மேடம்?"

"நீங்க ஜெயிக்கிறதுல உங்களுக்கு என்ன பிரச்சனைன்னுதான் எனக்குப் புரியல."

அந்தக் கேள்வியில் கேலியில்லை. அதனால்தான் வசுமதிக்கு வலித்தது.

*

அன்று மாலை அவள் வடவள்ளிக்குத் தண்டபாணியைப் பார்க்கப் போனாள். தண்டபாணிக்கு நாற்பத்தொரு வயது. தசைகள் ஒவ்வொன்றாகக் கரையும் நோய். இப்போது அசைவது வலக்கையில் இரண்டு விரல்களும் வாயும். வாய் எல்லோருக்கும் சேர்த்து அசையும். இணையத்தில் பம்பரம் ரசிகர் மன்றத்தை ஒன்பது வருடமாக நடத்துவது அவர்தான். முதலில் ஆடிப் பார்க்க வேளிர் அனுப்பிய பத்துக் கண்ட்ரோலர்களில் ஒன்று அவருக்கும் வந்திருந்தது. அவருடைய விரல்களுக்குக் கீழே பட்டியால் கட்டப்பட்டிருந்தது.

வசுமதி சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார்.

"அம்மிணி, உனக்கு ரெண்டு கையும் இருக்குது. நடுங்குதோ என்னமோ, இருக்குது. அதான் இந்தப் பேச்சு பேசற."

வசுமதி தன் கைகளைப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"நேத்து நான் ஒரு பையனக் கம்பால அடிச்சேன் தெரியுமா? நாலு வருசம் கழிச்சு. விரல் இம்மி அசைஞ்சுது, திரையில ஒருத்தன் பறந்து போயி விழுந்தான். அது நானில்லையா? சரி, நானில்லைன்னே வெச்சுக்க. எனக்குச் சோறு ஊட்டறதுகூட என்ற தங்கச்சி கைதான். அதுக்காகத் தின்னது நானில்லைன்னு ஆயிடுமா? அந்தச் சிப்ப எடுன்னு எவனாச்சும் சொன்னா மன்றத்துல மொத ஆளா நான் வைவேன். உன்னையும் சேத்தித்தான்."

"எடுக்கச் சொல்லலீங்ணா. ஸ்விட்ச் வெக்கச் சொல்றேன். நீங்க ஆன்ல வெச்சுக்குங்க. நான் ஆஃப்ல வெச்சுக்கறேன்."

தண்டபாணி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அத மாட்டேன்னா சொல்றாங்க?"

"ஓட்டை இல்லையாம்."

"அட!" என்று சிரித்தார். "ஓட்டை போட ஆளில்லாத ஊரா இது?" சிரிப்பு அடங்கியதும் குரல் மாறியது. "மேடையில அது உன்னைய ஜெயிக்க வெச்சுரும். பாத்துக்க."

"தெரியுங்ணா."

"என்ன பண்ணப் போற?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது.

*

அவிநாசி சாலையில் பெரிய அரங்கம். விழா காலை பத்தரைக்கு. உள்ளே நாலாயிரம் பேர். விசிறியை வடிவமைத்த பம்ப்செட் பெரியவர் மேடைக்கு வந்து பெட்டியின் முதுகில் கையை வைத்து, "ஆம்லெட்டு வேகாதுங்க" என்றார். கூரை பிளக்கக் கைதட்டினார்கள்.

வசுமதி அப்போது மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில், மருந்துக்கடையில் வாங்கிய துணிப் பிளாஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கையில் காயக்கட்டுப் போட்டவர்களிடம் துணைக்கை வேலை செய்யவில்லை என்று சோதனைக் குறிப்பு ஒன்றில் அவளே எழுதியிருந்தாள். பட்டை தோலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சில்லு ஒதுங்கிக்கொண்டு, பட்டன் சொல்வதை மட்டும் அப்படியே அனுப்பும். நாலு பட்டைக்கு நாலு துண்டுப் பிளாஸ்டர். மற்றவர்களுக்கு அரை நிமிட வேலை. அவளுக்கு இருபது நிமிடமானது. முதல் இரண்டு துண்டுகள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. மூன்றாவது அவள் முழங்கையில் ஒட்டியது. யாரையாவது கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கூப்பிடவில்லை.

இர்ஃபான் வாணியம்பாடிக்காரன். இருபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, மரியாதையான கண்கள். மேடையில் அவள் பக்கம் குனிந்து, "அக்கா, நான் விட்டுக்கொடுத்தெல்லாம் ஆட மாட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றான்.

"அப்படி நினைச்சா வரவே மாட்டேன் தம்பி."

மூன்று சுற்று. முதல் சுற்றில் அவன் பதினோரு நொடியில் அவளை வீழ்த்தினான். திரையில் அவளுடைய ஆளின் கம்பு நடுங்கியது. அடிகள் அரை அடி தள்ளி விழுந்தன. நாலாயிரம் பேரும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். மேடையோரத்தில் சுபத்ரா மேடம் தேவசகாயத்தின் காதில் ஏதோ கேட்டார். அவர் தெரியாது என்பதுபோலத் தலையசைத்தார்.

இரண்டாவது சுற்றில் வசுமதி நின்றாள்.

இர்ஃபான் சுற்றினான். சீண்டினான். அவள் நின்றாள். அரை நிமிடம் போனது. ஆட்டத்தில் அரை நிமிடம் என்பது ஒரு யுகம். கூட்டத்தில் யாரோ, "என்னாச்சு, கரண்ட் போயிடுச்சா?" என்றான், சிரிப்பு எழுந்து அடங்கியது. அவன் பாய்ந்தான். அவள் கை எப்போதோ புறப்பட்டிருந்தது. கம்பு அவன் விலாவில் இறங்கியது. சுற்று அவளுடையது.

மூன்றாவது சுற்றில் அவனும் காத்திருக்கப் பார்த்தான். முடியவில்லை, பாய்ந்தான். ஆனால் அவள் கம்பு வந்த கணத்தில், மனிதக் கையால் முடியாத ஒரு திருப்பத்தில் விலகி அடித்தான். அவள் விழுந்தாள்.

தொகுப்பாளர் பதறி ஒலிவாங்கியை நீட்டினார். வசுமதி அதை வாங்கினாள். அது அவள் கையில் இடமும் வலமும் ஆடியது.

"தோத்துட்டேனுங்க" என்றாள். "பட்டையில பிளாஸ்டர் ஒட்டிட்டு ஆடினேன். உள்ள ஒரு சிப்பு இருக்குது, நமக்குப் பதிலா அதுவே ஆடும். வேணுங்கறவங்களுக்கு அது இருக்கோணும். வேண்டாங்கறவங்களுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கோணும். அது இல்ல. ரெண்டாவது சுற்று நான் ஜெயிச்சது. மூணாவது நான் தோத்தது. ரெண்டையும் என்ற பேர்லயே எழுதிக்குங்க."

ஒலிவாங்கி அதற்குள் அணைக்கப்பட்டிருந்தது. முதல் நாலு வரிசைக்கு மட்டும் முழுக்கக் கேட்டது. போதும். நாலு வரிசையிலும் ஆளுக்கொரு கைப்பேசி இருந்தது.

*

மறுநாள் பம்பரம்-3 கடைகளுக்கு வந்தது. கூடவே வேளிர் அறிக்கை விட்டது. வசுமதி அவர்களின் கண்ட்ரோலரில் தொழில்நுட்பக் கோளாறு இருந்ததால் அந்த ஆட்டத்தின் முடிவு கணக்கில் வராது. அடையாளத்துக்காக நடந்த நட்பு ஆட்டம் அது.

அவள் அதை மூன்று முறை படித்தாள். கணக்கில் வராது. நாலாயிரம் பேர் முன்னால் தோற்ற தோல்வியையும் எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையை அவளே வரவேற்பறையில் வைத்துவிட்டு வந்தாள்.

நாலாம் நாள் மாலை நாலு மணிக்கு தேவசகாயம் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு அவளை வரச் சொன்னார். போனால், அவரோடு இர்ஃபான் உட்கார்ந்திருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பஃப்ஸை யாரும் தொடவில்லை.

"இவன் என்ன ரெண்டு நாளா விடாம வாறான் பிள்ளே. நீயே கேளு."

இர்ஃபான் தலை நிமிராமல் பேசினான். "அக்கா, மூணாவது சுத்துல ஒரு திருப்பம் வந்துச்சே. அத வீட்ல உக்காந்து முந்நூறு தடவ பண்ணிப் பாத்தேன். என் பழைய கண்ட்ரோலர்ல. ஒரு தடவகூட வரல. அந்த சிப்பு உங்களுக்கு மட்டும்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க."

வசுமதி தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

"எல்லாக் கைக்கும் உண்டு" என்றார். "உனக்கு நெறைய. மத்தவனுக்குக் கொஞ்சம். ஆடுறவனுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம். பொட்டிய வாங்குனவன் மொத நாளே 'அடேயப்பா, என்ன வேகம்'னு சொல்லணும் இல்லியா? அவன் கையத்தான் அவன் மெச்சுவான். ஸ்விட்சு வச்சா என்னாவும்? எல்லாவனும் ஒரு தடவ அணைச்சுப் பாப்பான். பாத்தாத் தெரிஞ்சிரும்."

"அப்ப ஓட்டையில்லைன்னு சொன்னது?"

"அச்சு வெட்டும்போ நான் ஓட்டை கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. நான் வாய மூடிட்டேன். இப்ப கேளு, நேத்து ஒரு உத்தரவு. தோலு படலன்னா கண்ட்ரோலரே நின்னு போற மாதிரி மாத்தச் சொல்லுதாங்க. ஊரெல்லாம் பிளாஸ்டர் ஒட்டுதானாம்."

இர்ஃபான் நிமிர்ந்தான். "என் கை எவ்வளவு சார்? அதோட கை எவ்வளவு?"

"அது எதுக்குடே உனக்கு?"

"சொல்லுங்க."

தேவசகாயம் வசுமதியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். பொய்யான கருணையை அவள் போதும் போதுமென்று பார்த்திருந்தாள்.

"நூத்துக்கு முப்பத்தெட்டு அது. மூணாவது சுத்துல அறுபது."

பேக்கரியில் யாரோ இரண்டு டீக்கும் ஒரு வர்க்கிக்கும் குரல் கொடுத்தார்கள். பேருந்து ஒன்று நின்று போனது. இர்ஃபான் ரொம்ப நேரம் பேசவில்லை. வசுமதி அந்த அமைதியைக் கலைக்காமல் அவனுக்கே விட்டுவைத்தாள்.

"அப்ப நான் ஜெயிக்கல" என்றான்.

"தோக்கவும் இல்ல தம்பி. அதான் கொடுமையே."

"நாளைக்கு எனக்கு ஒரு பேட்டி இருக்கு. அவங்களே ஏற்பாடு பண்ணது. அதுல இந்த நம்பரச் சொல்லப் போறேன்."

"மேடையில ஜெயிச்ச பேரு போயிரும்."

"போறதுக்கு அது வந்தாத்தானே அக்கா."

தேவசகாயம் பஃப்ஸை எடுத்து ஒரு கடி கடித்தார். தீர்மானம் எடுத்த மனிதனுக்குப் பசிப்பது இயல்புதான். மென்றுகொண்டே, "அந்தப் பலகையில சிப்புக்குப் பக்கத்துல ரெண்டு புள்ளி இருக்கு" என்றார். "நான் சோதனைக்கு வச்சது. எடுக்கச் சொன்னாங்க, எடுக்கல. அந்த ரெண்டையும் கம்பியால சேத்தா சிப்ப ஒதுக்கிட்டுப் பட்டன் நேராப் போவும். தோலும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம். மென்பொருள் தலகீழா நின்னாலும் ஒண்ணும் செய்ய முடியாது. வெளிய ஒரு ஸ்விட்சு வச்சாப் போரும்."

"வேல போயிருமுங்க சார்."

"பதினஞ்சு வருசமாச்சு. எனக்கும் ஒரு தடவ அவுட் ஆவணும் போல இருக்கு பிள்ளே."

*

கணபதிப் பகுதியில், தண்டபாணி சொல்லி அனுப்பிய ரங்கசாமியின் பட்டறை. லேத் ஒன்று, டிரில் இரண்டு, எண்ணெய் குடித்துக் கறுத்த சிமெண்டுத் தரை. ஞாயிற்றுக்கிழமை காலை. இர்ஃபானின் பேட்டி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பம்பரத்தின் விற்பனை நிற்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் கைகளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். தேவசகாயம் சொன்னதைத் தண்டபாணி தன் மன்றத்தில் எழுதியதும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: அந்த இரண்டு புள்ளி எங்கே இருக்கிறது?

ரங்கசாமி கண்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு ஓட்டை போடறதுக்கா ஒரு கம்பெனியே ஆறு மாசம் உக்காந்து பேசுச்சு?"

"பேசலீங்க. பேசாம இருந்தாங்க" என்றாள் வசுமதி.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிரில் இறங்கியது, பிளாஸ்டிக் சுருள் ஒன்று வெளியே வந்து விழுந்தது. தேவசகாயம் உள்ளே கம்பியைப் பற்றவைத்தார். ரங்கசாமி ஒரு சிறிய தள்ளு ஸ்விட்சைப் பொருத்தி மூடினார். பிறகு எழுத்துப் பொறிக்கும் ஊசியைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு பக்கமும் என்னன்னு எழுதட்டும்? ஆன், ஆஃப்னா எது எதுக்குன்னு குழப்பமாப் போயிரும்."

"துணை, தனி?" என்றான் இர்ஃபான்.

"தனின்னா அநாதை மாதிரி இருக்குடே" என்றார் தேவசகாயம்.

வசுமதியின் மடியில் இருந்த கைப்பேசியிலிருந்து தண்டபாணியின் குரல் வந்தது. அவர் வீடியோவில் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் ரங்கசாமி, இங்க கேளுங்க. மேல 'நாம்'னு போடுங்க. கீழ 'நான்'னு போடுங்க. எனக்கு அனுப்பறதுல மட்டும் 'நாம்' பக்கம் தள்ளி வெச்சுப் பசை போட்டு ஒட்டிருங்க. என்ற கை பட்டு அது நகராது. என்ற தங்கச்சி தூசு தட்டறப்பத் தள்ளிப்புடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். ரங்கசாமி பொறித்தார். நாம். நான். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அதற்கு நடுவில் அரை அங்குலம்.

பட்டறை ஓரத்தில் ஒரு பழைய திரையைப் பெட்டியோடு இணைத்தார்கள். பெட்டி சூடாகவில்லை. இன்னொரு கண்ட்ரோலருக்கும் ஸ்விட்ச் வைத்தாயிற்று; இரண்டும் கீழே, 'நான்' பக்கம் இருந்தன. இர்ஃபான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வசுமதி நாற்காலியில் உட்கார்ந்து கண்ட்ரோலரை மடியில் கிடத்தினாள்.

திரையில் அவள் ஆளின் கம்பு நடுங்கியது. இர்ஃபானின் ஆள் முதல் முறையாகக் கொஞ்சம் தடுமாறினான். அவன் தன் விரல்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மெல்லச் சுற்றத் தொடங்கினான். சீண்டினான். விலகினான். மறுபடி சுற்றினான்.

அரை நிமிடம். முக்கால் நிமிடம். ரங்கசாமி டிரில்லை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அக்கா, அடிங்களேன்! ஏன் சும்மா நிக்கிறீங்க?"

"சும்மா இல்ல தம்பி" என்றாள் வசுமதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிக்கிறேன்."